நாற்காலியை மறுத்த தேசபந்து

எதிர்க்கட்சின்னாலே சபையில் கத்துவதுதான் வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதனால்தான் சித்தரஞ்சன் தாஸைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன்.

1870-ல் பிறந்தவர். கல்கத்தாவில் பெரிய வக்கீல். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தருக்காக வாதாடி ஜெயித்தவர். ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் அந்தத் தொழிலையே உதறினார்.

1919 சட்டம் மாகாணங்களுக்கு இரட்டை ஆட்சியைத் தந்தது. கல்வி, சுகாதாரம் இந்திய மந்திரிகளுக்கு. நிதியும் போலீசும் கவர்னர் பக்கம். ஸ்டியரிங் ஒருத்தர் கையில், டீசலும் பிரேக்கும் இன்னொருத்தர் கையில் என்றால் வண்டி எப்படிங்க ஓடும்?

1923 தேர்தலில் இவருடைய சுயராஜ்யக் கட்சி வங்கச் சட்டசபையில் பெரிய கட்சியாக வந்தது. கவர்னர் லிட்டன் மந்திரிசபை அமைக்கக் கூப்பிட்டார். தாஸ் மறுத்து, எதிர்வரிசையில் உட்கார்ந்தார். 1924-ல் மந்திரிகள் சம்பளத்தையே சபை நிராகரித்தது. 1925 ஜனவரியில், விசாரணையின்றிச் சிறை வைக்கும் மசோதா வந்தது. நோயில் கிடந்த அவரைச் சபைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மசோதா தோற்றது. கவர்னரோ தன் தனி அதிகாரத்தால் அதையே சட்டமாக்கினார். நிஜமா ஆள்வது யாருன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு!

அந்த ஆண்டு ஜூன் 16-ல் டார்ஜிலிங்கில் காலமானார். கணக்குக் கேட்கணும்னா, கொடுக்கிற நாற்காலியை வேண்டாம்னு சொல்லவும் தெரியணும். நம்ம யூனியனுக்கும் இது பொருந்தும்தானே, தோழர்களே?