ஈரோட்டுத் திட்டம் தந்த சிந்தனைச் சிற்பி

ஆட்சிக்கட்டிலில் அமர்ந்தவர்களை நாடு எளிதில் நினைவில் கொள்கிறது. ஆட்சி எவ்வாறு அமைய வேண்டும் என்று எண்ணி எழுதித் தந்தவர்களை அத்துணை எளிதில் நினைப்பதில்லை. சிந்தனைச் சிற்பி ம. சிங்காரவேலர் பின்னவர் வரிசையில் முன்நிற்பவர். காங்கிரசுத் தலைவராகவும், தொழிற்சங்கத் தலைவராகவும், சென்னை மாநகராட்சி உறுப்பினராகவும் விளங்கியவர் அவர். எனினும் எந்தப் பதவியும் இல்லாமல், எழுபது வயதைக் கடந்த நிலையில், தாம் தலைமை ஏற்காத ஓர் இயக்கத்துக்கு அவர் வகுத்தளித்த வேலைத்திட்டமே அவருடைய பெயரை இன்றளவும் தாங்கி நிற்கிறது.

1860ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18ஆம் நாள் சென்னையில், மீனவர் குலத்தில், வெங்கடாசலம் – வள்ளியம்மை இணையருக்கு மகனாகத் தோன்றினார் சிங்காரவேலர். அவர் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்புதான், 1856இல், இராயபுரத்திலிருந்து தென்னகத்தின் முதல் இரயில் புறப்பட்டது. அவருடைய இளமைக் காலத்தில் செயற்கைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீண்டன. 1881ஆம் ஆண்டுப் புயலில் அவை சிதைந்தன. பின்னர் மீண்டும் எழுந்தன. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கத்தில் கடல் கரையை அரித்து உள்ளே நுழைந்தது. துறைமுகமும் இரயிலும் ஆலைகளும் சேர்ந்து வடசென்னையை உழைப்பாளர் நகரமாக்கின. ஒரு புறம் செல்வம் பெருக, மறுபுறம் குப்பங்கள் கரைந்த அக்காலமே சிங்காரவேலரின் காலம்.

கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற அவர், சட்டம் கற்று உயர்நீதிமன்ற வழக்கறிஞரானார். அரிசி வணிகத்திலும் ஈடுபட்டார். சாதி வேற்றுமையை ஏற்காத உள்ளம் அவரைப் பௌத்தத்தின்பால் ஈர்த்தது. அயோத்திதாசப் பண்டிதர் காலத்துச் சென்னையில் பௌத்த மறுமலர்ச்சிப் பணியில் பங்குகொண்டார். பல மொழிகளில் நூல்களைத் தேடித் தேடிப் படித்தார். அவருடைய இல்லத்து நூலகம் அறிஞர் பலரைக் கவர்ந்தது. வளமான வாழ்வு அமைந்திருந்தும், ஒத்துழையாமை இயக்கத்தின்போது 1921இல் வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார். தம் தொழிலின் அடையாளமான அங்கியைப் பொதுமக்கள் முன் தீயிலிட்டார். அப்போது அவருக்கு அகவை அறுபத்தொன்று.

அவ்வாண்டே பெரம்பூர்ப் பகுதியில் பக்கிங்காம் – கர்நாடிக் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் மூண்டது. 1918இல் அமைந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் வரலாற்றில் அது பெருஞ்சோதனை. திரு.வி.க. போன்ற தலைவர்களோடு சிங்காரவேலரும் தொழிலாளர் பக்கம் நின்றார். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அவற்றினும் கொடியதாக வந்தது சாதிப் பிளவு. ஆதிதிராவிடத் தொழிலாளர் வேலைக்குத் திரும்ப, மற்றவர்கள் வெளியே நிற்க, கூலிக்காகத் தொடங்கிய போர் புளியந்தோப்பில் குடிசைகள் எரியும் சாதிக் கலவரமாகத் திரிந்தது. வேலைநிறுத்தம் தோற்றது. ஒரே ஆலையில் உழைத்தவர்களை ஒன்றுசேர விடாமல் தடுத்தது முதலாளியின் வலிமை மட்டுமன்று என்பதைப் பெரம்பூர் காட்டியது.

1922ஆம் ஆண்டு இறுதியில் கயையில் கூடிய காங்கிரசு மாநாட்டில், தம்மைப் பொதுவுடைமையாளர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு, தொழிலாளர் சிக்கலைக் காங்கிரசு தன் சிக்கலாக ஏற்க வேண்டும் என வாதிட்டார். 1923ஆம் ஆண்டு மே முதல் நாள் சென்னையில் இரண்டு இடங்களில், உயர்நீதிமன்றத்துக்கு எதிரான கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும், மே நாள் கூட்டங்களை நடத்தினார். இந்திய மண்ணில் கொண்டாடப்பட்ட முதல் மே நாள் அதுவே. அன்றே தொழிலாளர் விவசாயிகள் கட்சியையும் தோற்றுவித்தார். மறு ஆண்டு கான்பூர்ச் சதி வழக்கில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. நோயுற்றிருந்ததால் அவர்மீது வழக்கு நடைபெறவில்லை. 1925ஆம் ஆண்டு டிசம்பரில் அதே கான்பூரில் கூடிய முதல் பொதுவுடைமையர் மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். அவ்வாண்டில் சென்னை மாநகராட்சி உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

1928இல் தென்னிந்திய இரயில்வே நிறுவனம் தன் பணிமனைகளைத் திருச்சிப் பொன்மலையில் ஒருங்கிணைக்க முற்பட்டு ஆயிரக்கணக்கானோரை வேலையினின்று நீக்கத் துணிந்தது. ஜூலைத் திங்களில் வெடித்த வேலைநிறுத்தத்துக்கு முகுந்தலால் சர்க்காரோடு சிங்காரவேலரும் வழிகாட்டினார். பத்தே நாளில் அது ஒடுக்கப்பட்டது. அறுபத்தெட்டு வயது முதியவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1930இல் அவர் வெளியே வந்தார். தோழர் பலர் சிறைகளில் இருந்தனர். காங்கிரசோடு இருந்த பிணைப்பு தளர்ந்துவிட்டது. உடலும் முன்போல் இல்லை. அரசியல் வாழ்வு முடிந்தது என்று பிறர் எண்ணத்தக்க நிலை அது.

அவரோ எழுதுகோலை எடுத்தார். பெரியார் நடத்திய குடிஅரசு ஏட்டில் அண்டத்தின் தோற்றம், உயிர்களின் படிமலர்ச்சி, மூடநம்பிக்கையின் வேர், பொருளாதாரத்தின் அடிப்படை எனத் தமிழில் அரிதாகவே எழுதப்பட்ட பொருள்களைப் பற்றி எளிய நடையில் எழுதிவந்தார். கல்லூரி காணாத வாசகனுக்கும் அறிவியல் தமிழில் விளங்கும் என்று மெய்ப்பித்தார்.

1932ஆம் ஆண்டு நவம்பரில் பெரியார் சோவியத்து நாட்டையும் ஐரோப்பாவையும் கண்டு திரும்பினார். டிசம்பர் 28, 29 ஆகிய நாள்களில் ஈரோட்டில் தம் இல்லத்தில் சுயமரியாதைத் தொண்டர்களைக் கூட்டினார். அக்கூட்டத்தின்முன் வைக்கப்பட்ட சமதர்ம வேலைத்திட்டத்தை வகுத்தவர் சிங்காரவேலர். பிரிட்டிஷ் ஆட்சியினின்றும் எவ்வகை முதலாளித்துவ ஆட்சியினின்றும் முழு விடுதலை. இரயில்வே, வங்கி, கப்பல், நீர்வழிப் போக்குவரத்து ஆகியன பொதுவுடைமை. நிலமும் காடும் பொதுமக்கள் உடைமை. உழவர், தொழிலாளர் பட்ட கடன்கள் தள்ளுபடி. சுதேச சமஸ்தானங்கள் ஒரே கூட்டாட்சியில் இணைதல். நாளொன்றுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேற்படாத வேலை. ஈரோட்டுத் திட்டத்தின் சாரம் இது.

பொதுவுடைமையர் ஒருவர் தம் திட்டத்தைச் சாதி ஒழிப்பு இயக்கத்திடம் ஒப்படைத்தது ஏன் என்று கேட்போர் உண்டு. பெரம்பூரின் தோல்வியை எண்ணிப் பார்ப்போர்க்கு விடை அரிதன்று. சாதி நிற்கும் வரை தொழிலாளர் ஒற்றுமை நிலைக்காது. வயிற்றுக்கு வழி காணாத வரை சாதி ஒழிப்பும் முழுமை பெறாது. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுத முனைந்தது ஈரோட்டுத் திட்டம். அதன் தனிச்சிறப்பு இதுவே.

திட்டம் இயக்கத்தில் சூடு கிளப்பியது. இயக்கத்துக்குள்ளேயே ஐயங்களும் எழுந்தன. அரசின் கண்ணோட்டம் கடுமையானது. 1933ஆம் ஆண்டு டிசம்பரில் குடிஅரசுத் தலையங்கத்துக்காகப் பெரியார் கைதானார். 1934இல் பொதுவுடைமைக் கட்சி தடைசெய்யப்பட்டது. சமூகச் சீர்திருத்தப் பணியே அடியோடு முடங்கிவிடும் என்று கருதிய பெரியார், சமதர்மப் பரப்புரையைத் தளர்த்தினார். மென்மையான மற்றொரு திட்டத்தோடு நீதிக்கட்சியின் பக்கம் நெருங்கினார். ஜீவானந்தம் போன்ற இளைஞர்கள் பின்னர்த் தனிவழி சென்றனர். ஈரோட்டுத் திட்டம் ஏட்டளவில் நின்றது.

அறிவுரை வழங்குவோர் எதிர்கொள்ளும் கடுஞ்சோதனை இது. திட்டம் தீட்டுவது ஒருவர் கை. அதை ஏற்பதும் விடுப்பதும் மற்றவர் கை. தம் கொள்கையைக் கைவிட்டு நீதிக்கட்சியை ஆதரிக்கச் சிங்காரவேலர் இசையவில்லை; மாற்றுக் கருத்தை மறைக்காமல் எழுதினார். ஆயினும் சாதி ஒழிப்பிலும் பகுத்தறிவிலும் பெரியாரின் இயக்கம் ஆற்றிய பணியை இகழ்ந்தாரில்லை. 1935இல் புது உலகம் என்னும் இதழைத் தாமே தொடங்கி, சொல்ல வேண்டியவற்றைத் தொடர்ந்து சொன்னார். பக்கவாதம் தாக்கிய பின்னும் படிப்பும் எழுத்தும் முற்றாக நிற்கவில்லை. பாவேந்தர் பாரதிதாசன் அப்பெருமகனாரைப் பாட்டில் வைத்துப் போற்றினார். எண்பத்தைந்தாம் வயதில், 1945இல், சென்னை அச்சுத் தொழிலாளர் மாநாட்டில் உரையாற்றினார். 1946ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் மறைந்தார். விடுதலை நாளைக் காண அவருக்கு வாய்க்கவில்லை.

அவர் மறைந்த சில ஆண்டுகளுக்குள் சமஸ்தானங்கள் இந்திய ஒன்றியத்தில் கரைந்தன. 1948இல் சென்னை மாகாணத்தில் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வேலை நேரத்துக்கு வரம்பு கட்டியது. இரயில்வே நாட்டின் உடைமையானது. 1969இல் பெருவங்கிகள் பதினான்கு அரசுடைமையாயின. இவற்றைச் செய்தவர்கள் வேறு கட்சியினர். பல காரணங்களால், பல இயக்கங்களின் அழுத்தத்தால் செய்தனர். சிங்காரவேலரின் ஏட்டைப் பார்த்துச் செய்தனர் என்று சொல்வது மிகை. ஆனால் 1932இல் கனவென்று ஒதுக்கப்பட்டவை கனவல்ல என்பதைப் பின்வந்த காலம் மெய்ப்பித்தது. அவர் கேட்ட ஏழு மணி நேர வேலைநாள் சட்டமாகவில்லை. உழுபவர்க்கெல்லாம் நிலம் கிடைக்கவில்லை. உழைப்போரைப் பிரிக்கும் சாதிச் சுவர் பெரம்பூரிலும் பிற இடங்களிலும் முற்றாக இடிந்துவிடவில்லை. திட்டத்தின் ஒரு பாதி நிறைவேறியது. மறுபாதி அடுத்த தலைமுறையின் கடனாக நிற்கிறது.

துறைமுகத்தை நோக்கிய இராசாசி சாலையில் சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சிங்காரவேலர் மாளிகை என்று பெயர் பெற்றது. நிலவரியும் பட்டாவும் உதவித்தொகையும் கேட்டுக் குப்பத்து மக்கள் படியேறும் கட்டடத்துக்கு, ஆட்சிப் பொறுப்பு எதுவும் வகிக்காத அம்மீனவர் குலத்து அறிஞரின் பெயர் பொருந்தியே இருக்கிறது. எழுதுகோல் ஏந்துவோர்க்கு அவர் வாழ்வு உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு. எழுதியது உடனே ஏற்கப்படாமற் போகலாம். ஏற்றவரே அதைக் கைவிடவும் கூடும். அதற்காக எழுதாமல் விடுவது அறமன்று. தேர்ந்து தெளிந்து எழுதப்பட்ட ஏடு, காலம் கனியும்போது கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்.