முகமது அலியுடன் சென்னை வந்த ஜிம்மி எல்லிஸ்: ஒரு உலக சாம்பியனை மறந்தது ஏன்?

1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்தது பலருக்கும் தெரியும். நேரு ஸ்டேடியத்தில் நடந்த காட்சிப் போட்டி, எம்.ஜி.ஆருடன் எடுத்த போட்டோ எல்லாம் இன்றும் பேசப்படுகின்றன. ஆனா, அந்த ரிங்கில் அலிக்கு எதிரே நின்றவர் யார்னு கேட்டா பலருக்கும் தெரியாது. அவர்தான் ஜிம்மி எல்லிஸ். அலியின் ஸ்பாரிங் பார்ட்னர் என்றே அறியப்பட்ட இவரும் ஒரு காலத்தில் ஹெவிவெயிட் உலக சாம்பியன்!

யார் இந்த எல்லிஸ்?

1940-ல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் பிறந்தவர். அப்பா பாதிரியார். எல்லிஸும் தேவாலயத்தில் பாடுபவர். அலிக்கும் இதே ஊர்தான். அமெச்சூர் காலத்தில் இருவரும் 2 முறை மோதினார்கள். ஆளுக்கு ஒரு வெற்றி.

தொழில்முறைக்கு வந்தபோது எல்லிஸ் ஹெவிவெயிட் வீரரே இல்லை. சுமார் 72 கிலோ எடை கொண்ட மிடில்வெயிட் வீரர். அங்கே சில தோல்விகளுக்குப் பிறகு, அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டன்டியிடம் சேர்ந்தார். அலியோடு பயிற்சி, அலியின் போட்டி நாளில் முன்னோட்டச் சண்டை என வாழ்க்கை நகர்ந்தது. எடையும் மெல்ல ஏறியது.

பட்டம் கிடைத்தது எப்படி?

வியட்நாம் போருக்காக ராணுவத்தில் சேர மறுத்த அலியின் பட்டம் 1967-ல் பறிக்கப்பட்டது. காலியான இடத்துக்கு உலக குத்துச்சண்டைச் சங்கம் 8 பேர் கொண்ட தொடரை அறிவித்தது. ஜோ ஃப்ரேசியர் இதில் சேர மறுத்தார். அலியும் இல்லை, ஃப்ரேசியரும் இல்லை, அப்புறம் என்ன சாம்பியன்? எல்லிஸ் மீதான முக்கியமான விமர்சனமே இதுதான்.

ஆனா, அவர் யாரை வென்றார் என்பதையும் பார்க்கணும்.

முதலில் லியோடிஸ் மார்ட்டின். 9-வது ரவுண்டில் சண்டை நிறுத்தப்பட்டது. இதே மார்ட்டின்தான் 1969-ல் சோனி லிஸ்டனை நாக் அவுட் செய்தவர்.

அடுத்து அர்ஜென்டினாவின் ஆஸ்கர் போனவேனா. 1966-ல் ஃப்ரேசியரையே 2 முறை கீழே தள்ளியவர். அந்த போனவேனாவை எல்லிஸ் 2 முறை வீழ்த்தி, புள்ளிகளில் வென்றார்.

இறுதிப் போட்டி 1968 ஏப்ரலில் ஜெர்ரி குவாரியுடன். 15 ரவுண்டுகள் நிதானமாக ஆடி, எல்லிஸ் பட்டம் வென்றார். மூன்று பேருமே லேசுப்பட்ட ஆட்கள் இல்லை.

சறுக்கியது எங்கே?

அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் ஃப்ளாய்ட் பேட்டர்சனுடன் மோதினார். மூக்கு உடைந்த நிலையிலும் 15 ரவுண்டுகள் நின்றார். புள்ளி போட்டது நடுவர் ஒருவர் மட்டுமே. அவர் எல்லிஸ் பக்கம் தீர்ப்பளித்தார். பேட்டர்சன்தான் வென்றார் என்று பலர் கருதியதால், சாம்பியனின் பெயரில் கறை விழுந்தது. அதன்பின் ஏறக்குறைய 17 மாதங்கள் அவருக்குச் சண்டையே அமையவில்லை.

1970 பிப்ரவரியில் ஃப்ரேசியர் முன் வந்து நின்றபோது, நிலைமை கைமீறிப் போயிருந்தது. 4-வது ரவுண்டில் 2 முறை கீழே விழுந்தார். அடுத்த ரவுண்டுக்கு டன்டி அவரை அனுப்பவில்லை. பட்டம் போனது.

1971-ல் நண்பர் அலியோடு மோதல். அன்று அலியின் பயிற்சியாளர் டன்டி நின்றது எல்லிஸ் பக்கம்! ஆனாலும் 12-வது ரவுண்டில் அலி வென்றார். கண் பாதிப்பால் 1975-ல் எல்லிஸ் ஓய்வு பெற்றார். 53 போட்டிகளில் 40 வெற்றி.

அப்போ, கூடுதல் மரியாதைக்கு உரியவரா?

அலி, ஃப்ரேசியர் வரிசையில் எல்லிஸை வைக்க முடியாது. இருவரிடமுமே அவர் தெளிவாகத் தோற்றவர். பேட்டர்சன் போட்டி பற்றிய சந்தேகமும் நியாயமானதுதான். ஆனா, அலி இல்லாததால் சும்மா கிடைத்த பட்டம் என்பது சரியல்ல. மிடில்வெயிட்டில் தொடங்கிய ஒருவர், தன்னைவிடப் பலசாலிகள் என்று கருதப்பட்ட மூவரை வரிசையாக வென்று எடுத்த பட்டம் அது. ஃப்ரேசியர் விலகியதற்கு எல்லிஸ் எப்படிப் பொறுப்பாவார்?

பிற்காலத்தில் லூயிவில் நகரப் பூங்காத் துறையில் வேலை பார்த்தார். ரிங்கில் வாங்கிய அடிகளின் விளைவாக ஞாபக மறதி நோய் அவரைப் பிடித்தது. 2014 மே மாதம், 74 வயதில் காலமானார். சென்னையில் அலி ஆடிய அந்த நாளைப் பற்றி இனி யார் பேசினாலும், அன்று ரிங்கில் நின்றது 2 உலக சாம்பியன்கள் என்பதையும் சேர்த்தே சொல்லலாம்.