வேல்மாறல் கொடுத்த சமையல்காரர்



சேலத்துல இருந்து கோவை பஸ் ஏறினா, குமாரபாளையம் முடிஞ்சு காவிரியைத் தாண்டினதும் பவானி. அங்கே 1870-ல் பிறந்த ஒரு குழந்தைக்கு, ஆத்துக்கு இந்தப் பக்கம் திருச்செங்கோட்டு மலையில இருக்கற சாமி பேரையே வெச்சாங்க: அர்த்தநாரி. பின்னாளில் அவர்தான் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். நம்ம பக்கத்துக்காரர்னு சொன்னா என் ஃப்ரெண்ட்ஸே நம்ப மாட்டேங்கறாங்க.

பள்ளிப் படிப்பு கிடையாது. மைசூர் அரண்மனையில் சமையல் வேலை. குடும்பமும் இருந்தது. கூடவே தீராத வயிற்றுவலி. அது போகணும்னுதான் பழனிக்கு வந்தார். முருகன் அபிஷேகப் பாலைக் குடிச்சு வந்தார், வலி போயிடுச்சு.

நாமா இருந்தா அடுத்த கோரிக்கையை நீட்டியிருப்போம். வேலை கிடைச்சா ஆன்சைட், ஆன்சைட் கிடைச்சா வீடு. ஐடில இருக்கறவங்களுக்கு இது நல்லாவே புரியும், ஒரு ஸ்பிரிண்ட் முடியறதுக்குள்ள அடுத்தது ரெடியா நிக்கும்.

பழனி சந்நிதியில் ஒரு நாட்டியப் பெண் பாடிய திருப்புகழ் அவர் காதில் விழுந்தது. வந்த காரியம் முடிஞ்சும் அவரால் அதை விட முடியலை. புத்தகம் கிடைச்சாலும் படிக்கத் தெரியாது. நாற்பதை நெருங்கற வயசுல எழுத்துக்கூட்டிக் கத்துக்கிட்டார். அரண்மனை வேலையும் வீடும் மெல்லக் கழன்று போச்சு.

துறவியா திருவண்ணாமலை போனார். மலைமேல் ரமணர். குரு கிடைச்சாச்சு, இங்கேயே இருந்துடலாம்னு நினைச்சவரை, ஒருநாள் ரமணர் கீழே போகச் சொல்லிட்டார். கீழே இருந்தவர் சேஷாத்ரி சுவாமிகள். திருப்புகழ் ஒண்ணே உனக்கு மந்திரம், வேற எதுவும் வேண்டாம்னு சொல்லி, வள்ளிமலைக்குப் போகச் சொன்னார்.

வேலையை விட்டதுதான் பெரிய தியாகம்னு எல்லாரும் சொல்வாங்க. எனக்கு அப்படித் தோணலை. ஆன்மிகத்துல அடையணும்னு ஒண்ணைப் பிடிச்ச பிறகு, அதையும் விட்டுட்டு இறங்கி நடந்தாரே, அதுதான் கஷ்டம்.

நம்ம குரூப்ல பாதிப் பேர் 48 நாள் வேல்மாறல் படிக்கறோம். கல்யாணம், இன்டர்வியூ, விசான்னு ஆளுக்கொரு வேண்டுதல், நாள் எண்ண ஒரு ஆப் வேற. அருணகிரிநாதரோட வேல் வகுப்பில் இருக்கற 16 அடிகளை முன்னும் பின்னுமா மாற்றி 64 அடிகளா அமைச்சு அந்த வேல்மாறலைக் கொடுத்தவர் இவரேதான். கேட்கறது தப்புன்னு நான் சொல்லலை. அவரும் வயிற்றுவலிக்காகப் போனவர்தானே. ஆனா 48 நாள் முடிஞ்சு, கேட்டது கிடைச்சாலும் கிடைக்காட்டியும், 49-வது நாள் புத்தகத்தை எடுக்கறோமா?

அந்தக் காலத்துல ஜனவரி 1 அன்னிக்கு மாலையும் எலுமிச்சம்பழமுமா வெள்ளைக்கார துரைகள் வீட்டு வாசல்ல காத்து நிப்பாங்க. துரை தயவு இருந்தாத்தானே பதவி! அவங்களைத் தணிகைத் துரையைப் பார்க்கக் கூப்பிட்டார் சுவாமிகள். 1917 டிசம்பர் 31-ல் திருத்தணி படிபூஜை அப்படித்தான் ஆரம்பிச்சது. 365 படி, படிக்கு ஒரு திருப்புகழ். இன்னிக்கும் நடக்குது.

1950-ல் முருகனடி சேர்ந்தார். சமாதி வள்ளிமலைக் குகையில். வேலூர் பக்கம் போறவங்க மலையேறிப் பார்த்துட்டு வாங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!