16 வருஷம் கழித்து கேப்டன்: பிரமோஷனுக்காகக் காத்திருந்த தாமஸ் மன்றோ

அப்ரைசல் சீசன் வந்தால் ஓசூர் சிப்காட் டீக்கடைகளில் ஒரே பேச்சுதான். யாருக்கு வந்தது, யாருக்கு வரல, நமக்குப் பின்னாடி சேர்ந்தவன் எப்படி முன்னாடி போனான்? சுமார் 230 வருஷங்களுக்கு முன்பு இதே வட்டாரத்தில் ஒரு லெப்டினன்ட்டுக்கும் அதே மனக்குறை இருந்தது. கிருஷ்ணகிரி, தருமபுரி மலையடிவாரங்களில் கூடாரம் போட்டு நிலம் அளந்துகொண்டிருந்த அவர் பெயர் தாமஸ் மன்றோ. சென்னை தீவுத்திடல் அருகே சேணம் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கும் சிலை அவருடையதுதான்.

சிலை கவர்னருக்காக வைத்தது. ஆனால் அவர் இங்கே வந்து இறங்கியது ஒரு சாதாரண கேடட்டாக.

எங்கிருந்து வந்தார்?

1761 மே 27-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். அப்பா அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு வியாபாரம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போர் வெடித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. நல்லாப் படித்த பையன். டான் குயிக்சோட் நாவலை மூலத்திலேயே படிக்க வேண்டும் என்று தானாகவே ஸ்பானிஷ் கற்றுக்கொண்டவர். சின்ன வயதில் வந்த தட்டம்மையால் காது கொஞ்சம் மந்தம். வீட்டு நிலைமை சரியில்லாததால் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவத்தில் கேடட் வேலை வாங்கிக்கொண்டு 1780 ஜனவரியில் மெட்ராஸ் வந்து சேர்ந்தார். அப்போது வயது 18.

வந்த உடனேயே ஏமாந்தார். கையில் நற்சான்றிதழ்களோடு வேலைக்குச் சேர்ந்த ஒரு ஆள், ஊரிலிருந்து கொண்டுவந்த துணியெல்லாம் இங்கே சரிப்படாது என்று சொல்லி மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு போனான். போனவன் போனவன்தான்.

அதே வருஷம் ஹைதர் அலி கர்நாடகச் சமவெளிக்குள் புகுந்தார். காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தபோது, உதவிக்குப் போகாமல் பக்கத்திலேயே நின்ற பெரிய படையில் மன்றோவும் இருந்தார். அந்தப் படையின் தளபதி பெயரும் மன்றோதான், ஹெக்டர் மன்றோ. பெயர் ஒற்றுமை தவிர, இளையவருக்கு அதனால் எந்தப் பலனும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

கம்பெனி ராணுவத்தில் பிரமோஷன் எப்படி நடந்தது?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்தியாவில் இரண்டு வகை பிரிட்டிஷ் அதிகாரிகள் இருந்தார்கள். ஒன்று, மன்னரின் ராணுவத்தைச் சேர்ந்தவர்கள். அங்கே காசு கொடுத்துப் பதவி வாங்கலாம், சட்டப்படியே. இன்னொன்று, கம்பெனி ராணுவத்தைச் சேர்ந்தவர்கள். இங்கே பணம் செல்லாது, சீனியாரிட்டி மட்டும்தான். மேலே இருப்பவர் செத்தாலோ, ஓய்வு பெற்றாலோதான் கீழே இருப்பவர் ஒரு படி ஏறலாம். நன்றாக வேலை செய்தாலும் அதே வரிசை, செய்யாவிட்டாலும் அதே வரிசை. போதாததற்கு, ஒரே பதவியில் இருந்தாலும் மன்னரின் அதிகாரிக்குத்தான் முதல் மரியாதை.

மன்றோ 1786-ல் லெப்டினன்ட் ஆனார். அதற்குப் பிறகு பத்து வருஷம் அதே இடம். சம்பளம் பத்தல. அதிலிருந்தும் ஊரில் நொடித்துப்போன பெற்றோருக்கு அவரும் சகோதரர் அலெக்சாண்டரும் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இந்தியாவில் எல்லாரும் பணத்தில் புரளுகிறார்கள் என்று நினைத்த தங்கைக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. நாலு கட்டைகளில் இழுத்துக் கட்டிய கித்தான் துணிதான் படுக்கை. குளிர் அடித்தால், ஊரிலிருந்து கொண்டுவந்த பெரிய கோட்டின் கைகளுக்குள் கால்களை நுழைத்து, மீதியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொள்வாராம். சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார். படிப்பவருக்குத்தான் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

இந்தக் காத்திருப்பை ஒரு நண்பரோடு ஒப்பிட்டால் இன்னும் நன்றாகப் புரியும். ஆர்தர் வெல்லெஸ்லி, பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு. மன்றோவைவிட எட்டு வயது சின்னவர். 1787-ல் ராணுவத்தில் சேர்ந்து, அண்ணன் கொடுத்த பணத்தில் பதவி வாங்கி, 1793-லேயே லெப்டினன்ட் கர்னல் ஆகிவிட்டார். மன்றோ அந்தப் பதவியைத் தொட்டது 1804-ல். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருவரும் பழகியபோது வெல்லெஸ்லி கர்னல், மன்றோ வெறும் கேப்டன். நல்லவேளை, இது நட்பைக் கெடுக்கவில்லை. 1803-ல் அசாயே போரில் ஜெயித்த வெல்லெஸ்லியிடம், தாக்குதல் திட்டத்தைப் பற்றி மன்றோ கேள்வி எழுப்பினார். ஜெனரல் பொறுமையாக விளக்கம் எழுதி அனுப்பினார்.

பாராமகால் வேலை எப்படிக் கிடைத்தது?

வரிசையில் நின்ற காலத்தில் மன்றோ சும்மா இருக்கவில்லை. பாரசீகமும் இந்துஸ்தானியும் படித்தார். 1788-ல் கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் உளவுப் பிரிவில் உதவியாளராகச் சேர இந்த மொழியறிவு கைகொடுத்தது.

1792-ல் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்தது. திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். பாராமகால் என்பது பன்னிரண்டு கோட்டைகளின் பெயரால் அழைக்கப்பட்ட பகுதி, இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம். ஓசூர் அப்போதும் மைசூர் வசமே இருந்தது, 1799-ல் திப்பு இறந்த பிறகுதான் கைமாறியது. அதாவது இன்று பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் கடக்கும் கிருஷ்ணகிரி, ஓசூர் பாதை நடுவே அன்று இரண்டு நாடுகளின் எல்லை ஓடியது.

புதிதாக வந்த இந்த நிலத்தை நிர்வகிக்க ஆள் வேண்டும். மெட்ராஸ் சிவில் அதிகாரிகளில் உள்ளூர் மொழி தெரிந்தவர்கள் போதவில்லை. அதனால் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ், வழக்கத்தை மீறி ராணுவ அதிகாரியான ரீடையே கலெக்டராக்கினார். அவருக்கு உதவியாளர்களாக மூன்று ராணுவத்தினர்: கிரஹாம், மெக்லியோட், மன்றோ. ராணுவ வரிசையில் நகராத ஆள், வரிசைக்கு வெளியே ஒரு கதவு திறந்ததும் உள்ளே போய்விட்டார். ராணுவப் பதவி லெப்டினன்ட்தான், வேலை மட்டும் வேறு.

ஏழு வருஷம் இங்கே இருந்தார். தருமபுரியில் வீடு கட்டினார், தோட்டம் போட்டார், அந்தத் தோட்டத்தின் மேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம். ஆனால் வருஷத்தில் பெரும்பகுதி கூடாரத்தில்தான். ஊர் ஊராகப் போய், நிலத்தை அளந்து, புஞ்சையா நஞ்சையா என்று பிரித்து, ஒவ்வொரு விவசாயியிடமும் நேரடியாகப் பேசி வரியை முடிவு செய்யும் வேலை. ஜமீன்தார் நடுவில் இல்லாமல், பட்டா விவசாயி பெயரிலேயே. ரயத்துவாரி என்று பள்ளிப் பாடப்புத்தகத்தில் வருகிறதே, அது வளர்ந்த நாற்றங்கால் இந்த மண்தான். ஆரம்பித்தது ரீட், கொள்கையாக வளர்த்துப் பெயர் வாங்கியது மன்றோ. தாலுகா ஆபீஸ்களில் இன்றும் வருஷா வருஷம் நடக்கும் ஜமாபந்தி, வருஷாந்திர வரிக் கணக்கு பார்த்த அந்த நாட்களின் மிச்சம்.

இதை அப்படியே புகழ்ந்துவிடவும் முடியாது. இந்த முறையில் வரி கடுமையாகவே இருந்தது. வறட்சி வந்த வருஷம் விவசாயி நொறுங்கினார். பின்னாளில் கடப்பை, பல்லாரி பகுதிகளை நிர்வகித்தபோது, வரியில் 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்று மன்றோவே 1807-ல் பரிந்துரைத்தார். கம்பெனி அரசு அப்போது கேட்கவில்லை.

நடுவில் 1796-ல், கம்பெனி அதிகாரிகளின் நீண்டநாள் முணுமுணுப்பு தாங்காமல் ராணுவப் பதவி விதிகள் திருத்தப்பட்டன. அந்த வருஷம்தான் மன்றோ கேப்டன் ஆனார். மெட்ராஸில் இறங்கி 16 வருஷம் கழித்து.

1817: கேட்டும் கிடைக்காத பதவி

நிர்வாகத்தில் எவ்வளவு பேர் வாங்கினாலும், தான் ஒரு சிப்பாய் என்ற எண்ணம் அவரை விட்டுப் போகவில்லை. 1817-ல் பிண்டாரிகள், மராத்தியர்களுக்கு எதிராகப் பெரிய போர் தயாரானது. மன்றோ அப்போது கர்னல், வயது 56. கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபுவிடம் (வாரன் ஹேஸ்டிங்ஸ் இல்லை, இவர் வேறு) தனக்கு ஒரு படைப்பிரிவு வேண்டும் என்று நேரடியாகவே கேட்டார். எல்லாப் பொறுப்புகளையும் பிரித்துக் கொடுத்தாச்சு என்று பதில் வந்தது. மற்ற கர்னல்கள் படை நடத்த, அவருக்குக் கிடைத்தது தார்வாட் பகுதியைப் பொறுப்பேற்கும் நிர்வாக வேலை. வருத்தத்தை அவர் மறைக்கவும் இல்லை.

அந்த ஆண்டு நவம்பரில் பேஷ்வா பாஜிராவ் போரில் இறங்கினார். தார்வாடில் மன்றோ கிட்டத்தட்ட தனியாக இருந்தார். பிரிகேடியர் ஜெனரல் பதவி வந்தது, பெயருக்கேற்ற படைதான் வரல. கையில் இருந்தது சில கம்பெனி சிப்பாய்கள் மட்டும். அவர் செய்தது முழுக்க பாராமகால் பாணி. எதிரியின் வசம் இருந்த ஊர்களுக்கே தன் சார்பில் அமில்தார்களை, அதாவது வரி அதிகாரிகளை நியமித்தார். அவர்கள் உள்ளூரில் ஆள் திரட்டினார்கள், வரியை வசூலித்தார்கள், அந்தப் பணத்திலேயே படைச் செலவும் நடந்தது. பேஷ்வா ஆட்சியில் சலித்துப்போயிருந்த கிராமத்தவர்கள் ஒத்துழைத்தார்கள். பிறகுதான் கூடுதல் படை வந்து சேர்ந்தது. பாதாமி, பெல்காம், சோலாப்பூர் என 1818 மே மாதத்துக்குள் கோட்டைகள் விழுந்தன. அடுத்த வருஷம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஜார்ஜ் கேனிங் இதைச் சொல்லிப் பாராட்டினார். 1820 ஜூனில் மன்றோ மெட்ராஸ் கவர்னர். கேடட்டாக இறங்கி 40 வருஷம் ஆகியிருந்தது.

ஏணியே இல்லாதவர்கள்

இந்தக் கதையில் இன்னொரு பக்கம் உண்டு, அதைப் பார்த்தவரும் மன்றோதான். படைப் பொறுப்புக்காக மனு போட்ட அதே 1817-ல், ஹேஸ்டிங்ஸ் பிரபுவுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் ஒன்றில் இந்தியச் சிப்பாய்களைப் பற்றிப் பேசுகிறார். கம்பெனி ராணுவத்தில் இந்தியர் எட்டக்கூடிய உச்சம் சுபேதார் பதவி. ஒரு எளிய என்சைன் தலைமைத் தளபதிக்கு எவ்வளவு கீழேயோ, அந்தச் சுபேதார் என்சைனுக்கு அவ்வளவு கீழே என்பது அவர் கணக்கு. என்சைன் என்பது அதிகாரிகளில் கடைசிப் படி, நேற்று கப்பலில் வந்திறங்கிய பையன்கூட அதில் இருப்பான். முப்பது வருஷம் போர் பார்த்த இந்திய சுபேதார் அவனுக்கு சல்யூட் அடிக்க வேண்டும்.

மன்றோவின் பிரமோஷன் தாமதமானது. அவர்களுக்கு வரிசையே கிடையாது.

கவர்னராக 1824 டிசம்பர் 31-ல் எழுதிய புகழ்பெற்ற குறிப்பிலும் இதற்குத் திரும்பினார். உயர்பதவி எதுவும் கிடைக்காது என்று தெரிந்தால் ஒரு சமூகத்தின் முயற்சியே செத்துவிடும், இந்தியர்களை நம்பிப் பொறுப்புகளைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். சிவில் வேலைகளில் கொஞ்சம் நகர்ந்தது. ராணுவத்தில் நகரவில்லை. கம்பெனி ஆட்சியின் நியாயத்தை அவர் கேள்வி கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த ஆட்சி நிலைக்க இது தேவை என்றுதான் வாதாடினார்.

ஊருக்குத் திரும்பும் முன் பழைய மாவட்டங்களைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக் கிளம்பியவர், 1827 ஜூலை 6-ல் இன்றைய கர்னூல் மாவட்டத்தின் பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார். ராயலசீமாவில் குழந்தைகளுக்கு அவர் பெயரை வைத்த குடும்பங்கள் உண்டு.

இந்திய இளைஞர்கள் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்குச் சமமான மன்னரின் கமிஷன் பெறும் வழி திறக்க முதல் உலகப் போர் வர வேண்டியிருந்தது. இந்தூரில் பயிற்சி பெற்ற முதல் குழுவில் குடகுக்காரர் ஒருவர் இருந்தார். 1919-ல் அதிகாரியான அவர், 1949-ல் இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஆனார். பெயர் கே.எம். கரியப்பா.