பியாட்ரிஸ் ஷில்லிங்

பியாட்ரிஸ் ஷில்லிங் (மார்ச் 8, 1909 – நவம்பர் 18, 1990) ஒரு பிரித்தானிய வானூர்திப் பொறியியலாளரும் மோட்டார் சைக்கிள் பந்தய வீராங்கனையும் ஆவார். இரண்டாம் உலகப் போரின்போது ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் ஆகிய போர் வானூர்திகளின் எரிபொருள் அமைப்பில் இருந்த ஆபத்தான குறையை, துளையிட்ட ஒரு சிறு பித்தளைத் துண்டின் மூலம் பெருமளவு நீக்கியமைக்காக இவர் அறியப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள வாட்டர்லூவில் என்னும் ஊரில் இறைச்சி வணிகர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். 14 வயதிலேயே மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். பள்ளிப் படிப்பிற்குப் பின், மின்பொறியாளர் மார்கரெட் பார்ட்ரிட்ஜிடம் பணியாற்றினார். அவரது ஊக்கத்தால் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1932 இல் மின்பொறியியலில் பட்டமும் அடுத்த ஆண்டு இயந்திரப் பொறியியலில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். 1934 இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தை மணிக்கு 106 மைல் வேகத்தில் சுற்றி வந்து தங்க நட்சத்திர விருதினை வென்றார்.

1936 இல் ஃபார்ன்பரோவில் இருந்த அரச வானூர்தி ஆய்வு நிலையத்தில் சேர்ந்த இவர், கார்புரேட்டர் துறையில் வல்லுநரானார். 1938 இல் ஜார்ஜ் நெய்லரை மணந்தார்.

எரிபொருள் சிக்கல்

மேற்கூறிய இரு வானூர்திகளிலும் ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் இயந்திரம் பொருத்தப்பட்டிருந்தது. அதன் கார்புரேட்டரில், மிதவை அறையினுள் எரிபொருள் மட்டம் உயர்ந்ததும் மிதவை மேலெழுந்து ஊசி வால்வை மூடும். விமானி வானூர்தியின் மூக்கைத் திடீரெனக் கீழே அழுத்தினால், எரிபொருள் அறையின் மேற்புறத்திற்குத் தள்ளப்படும். இதனால் இயந்திரம் முதலில் ஒரு கணம் எரிபொருளின்றித் திணறும். பின்னர் மிதவை இடம் மாறுவதால் வால்வு முழுமையாகத் திறந்து, அறையில் எரிபொருள் அளவுக்கு மீறிப் பாயும். காற்றின் விகிதம் குறைந்து இயந்திரம் நின்றுவிடும்.

எரிபொருளை நேரடியாக உருளைகளுக்குள் பீய்ச்சும் செருமானிய வானூர்திகளுக்கு இத்தடை இல்லை. அவை தலைகுத்தலாகப் பாய்ந்து தப்பின. பிரித்தானிய விமானிகளோ முதலில் வானூர்தியைப் புரட்டிய பின்னரே கீழ்நோக்கிப் பாய வேண்டியிருந்தது. 1940 இல் பிரித்தானிய வான் சண்டையில் இது உயிர் தொடர்பான சிக்கலாயிற்று.

ஷில்லிங்கின் தீர்வு

முழுமையான மாற்று வரும்வரை காத்திருக்க இயலாது என்பதை உணர்ந்த ஷில்லிங், எரிபொருள் குழாயில் பொருத்தத்தக்க ஒரு கட்டுப்படுத்தியை வடிவமைத்தார். இயந்திரம் முழு ஆற்றலில் இயங்கத் தேவையான அளவு எரிபொருளை மட்டுமே அதன் துளை அனுமதித்தது. ஆகவே வால்வு முழுமையாகத் திறந்தாலும் அறை நிரம்பி வழியவில்லை. தொடக்கத்தில் ஏற்படும் சிறு திணறல் நீங்கவில்லை எனினும், இயந்திரம் நின்றுபோவது தவிர்க்கப்பட்டது. வானூர்திகளைப் பணியிலிருந்து விலக்காமலேயே இதனைப் பொருத்த முடிந்தது. 1941 மார்ச் முதல் ஒரு சிறு குழுவுடன் வான்படைத் தளங்களுக்குச் சென்று இதனைப் பொருத்தும் பணிக்கு இவரே தலைமை தாங்கினார். விமானிகள் அத்துண்டினை இவரது பெயராலேயே அழைத்தனர். 1943 இல் அழுத்தக் கார்புரேட்டர் அறிமுகமாகும்வரை இத்தீர்வு பயன்பட்டது.

பிற்காலம்

போருக்குப் பின் புளூ ஸ்ட்ரீக் ஏவுகணை, ஈரமான ஓடுபாதையில் வானூர்திகளை நிறுத்துதல் முதலியன குறித்து ஆய்வு செய்தார். இவரது பணிக்காகப் பிரித்தானியப் பேரரசின் ஓபிஇ விருது வழங்கப்பட்டது. 33 ஆண்டுகள் பணியாற்றி 1969 இல் ஓய்வு பெற்றார்.