உறவே உரிமை: மம் ஷெர்ல் விட்டுச் சென்ற பாடம்

சிறையில் இருப்பவரைக் காண மனுக் கொடுக்கும் எவரிடமும் முதலில் கேட்கப்படுவது, கைதிக்கு நீங்கள் என்ன உறவு என்பதே. வழக்கறிஞர்களாகிய நாம் நன்கறிந்த இக்கேள்விக்கு, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் சிறைகளில் ஒரு பூர்வகுடிப் பெண், தாம் அக்கைதியின் அம்மா என்றே விடையளித்து வந்தார். உடன்பிறந்தவரைக் காணச் சிறைக்குச் செல்லத் தொடங்கிய ஷெர்லி ஸ்மித், அவர் விடுதலையான பின்னும் யாருமற்ற பிற கைதிகளைக் காணச் சென்றார். அவ்விடையே அவருக்குப் பெயராகி, 'மம் ஷெர்ல்' ஆனார்.

கௌரா நகருக்கு அருகிலுள்ள எராம்பி குடியிருப்பில், விராஜுரி இனத்தில் பிறந்தவர் அவர். வலிப்பு நோயால் பள்ளிக்கல்வி வாய்க்கவில்லை, தாத்தாவே ஆசிரியரானார்.

அவர் பிறந்த காலத்தின் சட்டத்தை நாம் அறிய வேண்டும். 1909ஆம் ஆண்டின் பூர்வகுடிகள் பாதுகாப்புச் சட்டம் 1915இல் திருத்தப்பட்டது. பெற்றோர் பிள்ளையைப் புறக்கணித்தனர் என்று நீதிமன்றத்தில் மெய்ப்பிக்காமலே, பூர்வகுடிப் பிள்ளைகளைப் பிரித்தெடுக்கும் அதிகாரம் பாதுகாப்பு வாரியத்திற்குக் கிடைத்தது. சிறுமியர் கூட்டமண்ட்ரா இல்லத்திற்கும், சிறுவர் கின்செலா இல்லத்திற்கும் அனுப்பப்பட்டனர். பாதுகாப்பு என்ற பெயரிலேயே இக்கொடுமை நிகழ்ந்தது. இவர்களையே வரலாறு 'களவாடப்பட்ட தலைமுறைகள்' என்கிறது.

வேரறுக்கப்பட்ட பிள்ளைகள் பலர் சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியிலிருந்த மம் ஷெர்லைத் தேடி வந்தனர். அவர்களுடைய பெற்றோரைக் கண்டறிய அவர் உதவினார். போக்கிடம் அற்றோர் அவர் வீட்டிலேயே வளர்ந்தனர். அவ்வாறு வளர்ந்தவர்கள் 60 பேருக்கும் மேல்.

எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று நம் நாட்டில் கேட்டால், அது பெரும்பாலும் சாதியை அறிந்து ஒதுக்கும் கேள்வி. பூர்வகுடி மக்களிடையே அதே கேள்வி, தொலைந்தவரை உறவோடு சேர்க்கும் கேள்வி. அரசு அழிக்க முனைந்ததும் அந்தக் கேள்விக்கான விடையைத்தான்.

தனிமனிதரின் பரிவு மட்டும் போதாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். சிறைகளுக்குத் தடையின்றிச் செல்ல அவருக்கு அளிக்கப்பட்ட அனுமதி பின்னர் பறிக்கப்பட்டது. அரசு தரும் சலுகையை அரசே திரும்பப் பெறும். அமைப்புகளோ நிலைத்து நிற்கும். 1970களின் தொடக்கத்தில் ரெட்ஃபெர்னில் உருவான பூர்வகுடிச் சட்ட உதவி மையம், மருத்துவ மையம் ஆகியவற்றிலும், பின்னர் எழுந்த பூர்வகுடிக் குழந்தைகள் சேவை அமைப்பிலும் அவர் பங்கு பெரிது. பிரிந்த குடும்பங்களைத் தேடி இணைப்பதற்கென்றே 'லிங்க்-அப்' 1980இல் அம்மாநிலத்தில் தோன்றியது. பூர்வகுடிக் குழந்தையைப் பூர்வகுடிக் குடும்பத்திலேயே வைப்பதற்கு முன்னுரிமை தரும் கொள்கை, 1987இல் மாநிலச் சட்டத்தில் இடம்பெற்றது.

1997இல், பிரிப்புக் கொள்கையின் கொடுமைகளைத் தேசிய விசாரணை அறிக்கை உலகறியச் செய்தது. மறு ஆண்டு ஏப்ரலில் மம் ஷெர்ல் மறைந்தார். நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்ட 2008ஐ அவர் காணவில்லை.

ஒடுக்கப்பட்டோரின் குடும்பங்களைத் தகுதியற்றவை என அரசு முத்திரை குத்தும்போது, 'குழந்தையின் நலன்' என்ற சொல்லும் ஆயுதமாகிவிடும். அந்த நலனைத் தீர்மானிப்பவர் யார் என்று கேட்பதே சட்டம் பயிலும் இளையோர் அவர் வாழ்விலிருந்து பெற வேண்டிய முதற்பாடம். பிரிந்தவர் சேர்வது எவரும் இடும் பிச்சையன்று. பறிக்கப்பட்ட உரிமையின் மீட்பு.