ஊருக்கு ஊர் நேரம் அளந்த அல்பிரூனி (ரஹ்)

ரமளான் மாதத்து மாலை. பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு மஃக்ரிபு பாங்கிற்காகக் காத்திருக்கிறோம். அந்த வேளையில் சென்னைப் பள்ளிவாசல் ஒன்றின் பாங்கு ஒலிபரப்பாகிறது. கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு சகோதரர் அதைக் கேட்டு நோன்பைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? அவருடைய ஊரில் சூரியன் இன்னும் மறைந்திருக்காது. சராசரியாக 13 நிமிடங்கள் பாக்கி இருக்கும். பகல் முழுவதும் பசித்தும் தாகித்தும் இருந்தவர், சில நிமிட அவசரத்தால் அந்த நோன்பைக் கழாச் செய்ய வேண்டியவராகி விடுகிறார்.

இத்தனைக்கும் இரண்டு ஊர்க் கடிகாரங்களும் ஒரே மணியைத்தான் காட்டுகின்றன. அப்படியிருந்தும் இந்த வித்தியாசம் எப்படி வந்தது? இதைப் புரிந்துகொள்ள ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பேரறிஞரின் வாழ்க்கை நமக்கு மிகவும் உதவும். அவர்கள்தாம் அபூ ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மது அல்பிரூனி (ரஹ்) அவர்கள்.

பிறப்பும் கல்வியும்

அல்பிரூனி அவர்கள் ஹிஜ்ரி 362-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 973-இல், குவாரிஸ்ம் நாட்டின் காத் நகரில் பிறந்தார்கள். ஆமூ நதிக்கரையிலிருந்த அந்நகரின் இடம் இன்று உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. அங்குள்ள ஊர் இப்போது அவர்களின் பெயராலேயே வழங்குகிறது. அரச குடும்பத்தைச் சேர்ந்த கணித மேதையான அபூ நஸ்ர் மன்சூர் அவர்களிடம் இளமையில் கல்வி பயின்றார்கள்.

பதினேழு வயதிலேயே சூரியன் உச்சியில் நிற்கும் உயரத்தை அளந்து, காத் நகரின் அட்சரேகையைக் கணித்தார்கள். ஓர் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு வடக்கே இருக்கிறது என்பதைச் சொல்வது அட்சரேகை. அதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமன்று. சூரியனோ துருவ நட்சத்திரமோ தெரிந்தால், தம் ஊரில் இருந்தபடியே ஒருவர் அதை அளந்துவிடலாம்.

ஆனால் தீர்க்கரேகை அப்படிப்பட்டதன்று. ஓர் ஊர் இன்னோர் ஊருக்கு எவ்வளவு கிழக்கே அல்லது மேற்கே இருக்கிறது என்பதை ஒருவர் தனியாக இருந்து வானத்தைப் பார்த்து அறிய இயலாது. ஏனெனில் தீர்க்கரேகையின் வித்தியாசம் என்பது நேரத்தின் வித்தியாசமே. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஒரு மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிழக்கே உள்ள ஊருக்குச் சூரியன் முதலில் வருகிறது; மேற்கே உள்ள ஊருக்குப் பிறகு வருகிறது. ஆகவே ஒரே கணத்தில் இரண்டு ஊர்களிலும் நேரம் என்ன என்று தெரிந்தால்தான் தீர்க்கரேகையின் வித்தியாசம் தெரியும். தந்தியும் தொலைபேசியும் இல்லாத அக்காலத்தில், பல நூறு மைல் தொலைவிலுள்ள ஊரில் இந்தக் கணத்தில் என்ன நேரம் என்று யாரிடம் கேட்பது?

இரு நகரங்கள், ஒரே கிரகணம்

அதற்கு ஒரு வழி இருந்தது. சந்திர கிரகணம் என்பது பூமியின் நிழல் சந்திரன்மீது விழுவதாகும். சந்திரன் தெரியும் எல்லா ஊர்களிலும் அது ஒரே கணத்தில் தொடங்கும், ஒரே கணத்தில் முடியும். சூரிய கிரகணம் அப்படியன்று. அது ஊருக்கு ஊர் வெவ்வேறு கணத்தில் நிகழும். ஆகவே சந்திர கிரகணம், அல்லாஹ் வானத்தில் மாட்டிவைத்த பொதுக் கடிகாரம்போல் அறிஞர்களுக்குப் பயன்பட்டது.

கி.பி. 995-இல் குவாரிஸ்மில் ஆட்சி மாறியது. உள்நாட்டுப் போரில் அல்பிரூனி அவர்கள் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. ரை நகரம் சென்று, அங்கே பெரும் வானியல் கருவி ஒன்றைக் கட்டியிருந்த அல்குஜந்தி அவர்களைச் சந்தித்தார்கள். பிறகு காத் திரும்பினார்கள். இந்த அலைச்சலுக்கு நடுவில்தான் பக்தாதில் வாழ்ந்த மூத்த கணித அறிஞர் அபுல் வஃபா அவர்களோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

997-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் இரவு சந்திர கிரகணம் நிகழவிருந்தது. காத் நகரில் அல்பிரூனி அவர்களும் பக்தாதில் அபுல் வஃபா அவர்களும் அதைப் பார்த்து, அவரவர் ஊர் நேரத்தைக் குறித்துக்கொண்டார்கள். ஒருவருக்கு 23 வயது. மற்றவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. இருவருடைய கணக்கையும் ஒப்பிட்டபோது, இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேர வித்தியாசம் தெரிந்தது. அதாவது காத் நகரில் சூரியன் உச்சி சாய்ந்து லுஹர் நேரம் வந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழிந்த பிறகே பக்தாதில் லுஹர் நேரம் வரும். இன்றைய அளவுகளின்படி கணக்கிட்டாலும் வித்தியாசம் ஒரு மணி ஐந்து நிமிட அளவில்தான் வருகிறது. அபுல் வஃபா அவர்கள் மறு ஆண்டே வஃபாத்தானார்கள்.

கிப்லாவுக்காக ஒரு நூல்

1017-இல் சுல்தான் மஹ்மூது குவாரிஸ்மைக் கைப்பற்றினார். பள்ளிப் பாடங்களில் கஜினி முகமது என்று நாம் படித்தவர் இவர்தாம். அங்கிருந்த அறிஞர்களோடு அல்பிரூனி அவர்களும் கஜ்னி நகருக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். சொந்த ஊரும் கருவிகளும் கைவிட்டுப் போயின. ஆயினும் அவர்கள் சோர்ந்துவிடவில்லை. மறு ஆண்டு காபூலுக்கு அருகே ஒரு கிராமத்தில், கணக்குப் போடும் பலகையின் பின்புறத்தில் பாகை குறித்த வில் ஒன்றை வரைந்து, தூக்குக் குண்டு ஒன்றைக் கட்டி, அதையே கருவியாக்கிச் சூரியனின் உயரத்தை அளந்தார்கள்.

கஜ்னியில் அவர்கள் எழுதி 1025-இல் முடித்த நூல் தஹ்தீது என்பது. ஊர்களின் இடங்களைத் துல்லியமாக நிர்ணயிப்பது அதன் பொருள். கஜ்னியிலிருந்து கிப்லா எத்திசையில் இருக்கிறது என்று சரியாக அறிவது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. கிப்லாவின் திசையை அறிய மக்காவின் தீர்க்கரேகையும் வேண்டும், தம் ஊரின் தீர்க்கரேகையும் வேண்டும். ஆகவே பக்தாதுக்கும் கஜ்னிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட முனைந்தார்கள். இடையிலுள்ள நகரங்களை ஒரு சங்கிலிபோல் எடுத்துக்கொண்டு, வணிகக் கூட்டத்தார் சொன்ன தூரங்களிலிருந்து பாதையின் வளைவுகளுக்காக ஒரு பகுதியைக் கழித்து, அட்சரேகைகளையும் சேர்த்துக் கணித்தார்கள். பல வழிகளில் கணக்கிட்டு ஒன்றோடொன்றை ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். அவர்கள் கண்ட விடைக்கும் இன்றைய அளவுக்கும் உள்ள வேற்றுமை ஒரு பாகைகூட இல்லை.

தீர்க்கரேகையை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பது மனிதர்கள் வகுத்துக்கொண்டது என்பதையும் அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். அக்காலத்தவர் சிலர் மேற்குக் கடலின் தீவுகளிலிருந்து எண்ணினர்; சிலர் அக்கடலின் கரையிலிருந்து எண்ணினர். இரண்டுக்கும் 10 பாகை வித்தியாசம். நம் நாட்டு வானியலாரோ இலங்கையிலிருந்து உஜ்ஜயினி வழியாகச் செல்லும் கோட்டிலிருந்து எண்ணினர். இதை அல்பிரூனி அவர்கள் இந்தியாவைப் பற்றிய தங்கள் பெரு நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஓர் அட்டவணையின் எண்ணை மற்றோர் அட்டவணையின் எண்ணோடு கலந்துவிட்டால் ஊரே இடம் மாறிவிடும். அடுத்த ஊர்த் தொழுகை அட்டவணையை அப்படியே பார்த்து எழுதிக்கொள்பவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது.

நிழலும் தொழுகையும்

நிழல்களைப் பற்றியே அவர்கள் தனியாக ஒரு நூல் எழுதினார்கள். லுஹர் நேரம் எப்போது தொடங்குகிறது, அஸருக்கு நிழல் எவ்வளவு நீள வேண்டும், ஒரு மடங்கா இரு மடங்கா என்ற இமாம்களின் கருத்து வேறுபாடு, ஊருக்கு ஊர் நிழல் மாறும் கணக்கு ஆகிய யாவும் அதில் உள்ளன.

அந்நூலில் ஒரு நிகழ்ச்சியும் வருகிறது. தொழுகை நேரங்களை அறிவதற்கான கருவி ஒன்றை அவர்கள் பள்ளிவாசலைச் சேர்ந்த ஒருவரிடம் காட்டினார்கள். அதில் ரோமர்களின் மாதங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. நிழல் சூரியனைப் பின்பற்றுவதால் சூரிய மாதக் கணக்கு அதற்குத் தேவை. பார்த்தவரோ, மாற்றாரின் மாதம் உள்ள கருவி தமக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டார். ரோமர்களும் உணவு உண்கிறார்கள், கடைவீதியில் நடக்கிறார்கள்; அவ்விரண்டிலும் அவர்களுக்கு ஒப்பாகாமல் இருந்துகொள்ளலாமே என்று அல்பிரூனி அவர்கள் பதில் சொன்னார்கள். தொழுகையைப் பேணுவதற்கு உதவும் அறிவு எங்கிருந்து வந்தாலும் அதை ஒதுக்குவது மார்க்கப் பற்று ஆகாது என்பதே அவர்களின் கருத்து.

இன்னொரு நிகழ்ச்சியும் சொல்லப்படுகிறது. தொலைதூரத்திலிருந்து சுல்தானின் அவைக்கு வந்த தூதர் ஒருவர், துருவத்தின் பக்கத்தில் சூரியன் மறையாமலே சுற்றி வரும் நாடு உண்டு என்றார். சுல்தானுக்குக் கோபம் வந்தது. இப்படிச் சொல்பவர் மார்க்கத்தை மறுப்பவர் என்று எண்ணினார். அது கண்ணால் காணத்தக்க உண்மையே என்பதை அல்பிரூனி அவர்கள் விளக்கிச் சொல்லி அவரைத் தெளிவுபடுத்தினார்கள்.

நம் கடிகாரமும் நம் சூரியனும்

சுல்தான் மஹ்மூதின் மகன் மஸ்ஊதின் பெயரால் அவர்கள் இயற்றிய கானூன் என்னும் பேரேட்டில் ஏறத்தாழ 600 ஊர்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தரப்பட்டுள்ளன. அதற்குப் பரிசாக ஒரு யானைச் சுமை வெள்ளி வந்ததாகவும், அதை அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் கூறுவர்.

அக்காலத்தில் ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் நேரம் இருந்தது. ரயில் வந்த பிறகு அது தொல்லையாயிற்று. 1884-இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு கிரீன்விச் வழியே செல்லும் கோட்டைத் தீர்க்கரேகையின் தொடக்கமாக ஏற்றது. பின்னர் நாடுகள் ஒவ்வொன்றாகப் பொது நேரத்துக்கு மாறின. நம் நாட்டில் அதுவரை ரயில்கள் சென்னை நேரத்தைப் பின்பற்றின. 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இந்தியப் பொது நேரம் வந்தது. அது மிர்ஸாப்பூருக்கு அருகே செல்லும் எண்பத்திரண்டரைப் பாகைக் கோட்டின் நேரம். கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி முந்தியது.

பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் கடிகாரம் ஒன்றுதான். ஆனால் சூரியனின் கணக்கில் ஏறத்தாழ 62 நிமிட வித்தியாசம் உண்டு. அல்பிரூனி அவர்கள் காத் நகருக்கும் பக்தாதுக்கும் இடையே கண்ட அளவை ஒத்தது இது. சென்னைக்கும் மக்காவுக்கும் கடிகாரப்படி இரண்டரை மணி. சூரியன்படி 2 மணி 42 நிமிடம். ரயிலுக்கும் அலுவலகத்துக்கும் பொது நேரம் போதும். தொழுகையும் நோன்பும் நாம் நிற்கும் இடத்துச் சூரியனைக் கொண்டே விதிக்கப்பட்டுள்ளன. ஆதலால் நம் ஊருக்கென்றே கணிக்கப்பட்ட அட்டவணையை வைத்திருப்பது பள்ளிவாசல் நிர்வாகிகளின் பொறுப்பு. வெளியூர் சென்றால் அவ்வூர் நேரத்தைக் கேட்டறிவது நம் பொறுப்பு.

அல்பிரூனி அவர்கள் ஹிஜ்ரி 440-இல், கி.பி. 1048-இல், கஜ்னியில் வஃபாத்தானார்கள். உயிர் பிரியும் தறுவாயில் மார்க்கச் சட்ட அறிஞர் ஒருவர் அவர்களைக் காண வந்தார். மூச்சுத் திணறிக்கொண்டிருந்த அந்நிலையிலும், பாட்டிமாருக்குரிய சொத்துப் பங்கு பற்றி முன்பு பேசியிருந்த ஒரு சட்டத்தை விளக்கும்படி அவரைக் கேட்டார்கள். இந்த நேரத்திலா என்று வந்தவர் தயங்கினார். அறியாமல் போவதைவிட அறிந்து போவது மேல் அல்லவா என்றார்கள். விளக்கத்தைக் கேட்டு, திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டார்கள். விடைபெற்ற அறிஞர் தெருவை அடைவதற்குள் வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டது.

கடைசி மூச்சிலும் ஒரு சட்டத்தைச் சரியாக அறிந்துகொள்ள விரும்பியவர்கள் அவர்கள். நம் ஊர் மஃக்ரிபு எத்தனை மணிக்கு என்பதையாவது நாம் சரியாக அறிந்துகொள்ள வேண்டாமா? அல்லாஹ் அவர்களின் கப்றை ஒளிமயமாக்குவானாக! தொழுகையை அதனதன் நேரத்தில் நிறைவேற்றும் நற்பேற்றை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.